பார்த்தெழுதிப் பழகிய தைல உருவப்படம்

தைல வண்ண உருவப்படம் தமிழக ஓவியர்களுக்குப் பெரும்பாலும் முடிந்த படமாகவே வந்து சேர்ந்தது. 1790களில் தருமபுரியில் இருந்துகொண்டு பாரமகால் பகுதியின் வரி நிர்வாகத்தைக் கவனித்த தாமஸ் மன்றோ, 1820-ல் சென்னை ஆளுநரானார். அவரை வரைந்தவர் மார்ட்டின் ஆர்ச்சர் ஷீ. அந்தப் படம் சென்னை அரசு மாளிகைச் சுவரில் தொங்கியது. சாயம் குழைக்கும் வித்தை அதனோடு வரவில்லை.

வித்தை தெரிந்த சிலரும் அதை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு, அரசர் சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரம் அரண்மனையில் பேர்பெற்ற ஓவியர். 1862-ல் பதினான்கு வயது ரவி வர்மா அதே அரண்மனைக்கு வந்தபோது, அங்கிருந்த ராமசாமி நாயக்கர் தைல வண்ணம் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவில் ரகசியமாக வந்து உதவினார். 1868-ல் அரசரை வரைய வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் பாடம் எடுக்கவில்லை. தாம் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். மற்றதையெல்லாம் அரண்மனையிலிருந்த ஐரோப்பியப் படங்களைப் பார்த்துப் பார்த்தே ரவி வர்மா கற்றார்.

ஆறுமுகம் பிள்ளையின் உதவி சிறியதன்று. முடிந்த முகம் தான் உருவான வரிசையைக் காட்டாது. துணியில் முதலில் பழுப்புப் பூச்சு. அது காய்ந்ததும் மண் நிறத்தில் கண்குழி, மூக்கடி, தாடையின் நிழல்கள். அவற்றின் மேல்தான் தோலின் நிறம். கண்மணியிலும் மூக்கு நுனியிலும் மின்னும் வெள்ளைப் புள்ளி கடைசியில்தான் விழும். அடிப்பூச்சில் ஆளிவிதை எண்ணெய் குறைவாகவும் மேல்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறிப்போனால் சில ஆண்டுகளில் படம் வெடிக்கும். நகலெடுப்பவர் இந்த வரிசையைப் பின்னோக்கி ஊகித்தாக வேண்டும். கண்ணும் கையும் தேறுவது அந்த ஊகத்தில்தான்.

ஐரோப்பாவில் நகலெடுப்பதற்குப் பெரிய ஓவியர்களும் வெட்கப்படவில்லை. புகழின் உச்சியிலிருந்த ரூபன்ஸ் 1628-ல் மாட்ரிட் சென்று டிஷியனின் படங்களை நகலெடுத்தார். 1879-ல் ஓவியர் சார்ஜென்ட் அதே நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கஸின் படங்களை நகலெடுத்தார். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் இன்றும் அனுமதிச் சீட்டுடன் நகலெடுக்க விடுகிறது. நகல் மூலத்தின் அளவில் மட்டும் இருக்கக்கூடாது.

சென்னையில் 1850-ல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் தொடங்கிய கலைப்பள்ளி இந்த வித்தையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் கோவில்பட்டியிலிருந்து நாட்காட்டிப் படங்களால் வீடுதோறும் நுழைந்த கொண்டையராஜு அங்கே பயின்றவர்.

1894-ல் ரவி வர்மா பம்பாயில் கல்லச்சகம் தொடங்கியபின் அவர் படங்களே மற்றவர்களுக்குப் பாடமாயின. சிற்றூர் ஓவியர்களுக்கும் மலிவு விலையில் மாதிரி கிடைத்தது பெரிய பேறுதான். ஆனால் கல்லச்சில் தூரிகைத் தடம் விழாது. முகத்தின் அமைப்பையும் புடவை மடிப்பையும் அதிலிருந்து எடுக்கலாம். பூச்சின் அடுக்குகளைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள மூலப் படங்களுக்கு அருகில்தான் போகவேண்டும்.