உற்சவரும் மூலவரும்: அமைப்புகள் முகம் தேடும் வரலாறு

2008ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அமெரிக்கத் திரைநடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் மறைந்தார். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் தலைவராக 1998 முதல் 2003 வரை இருந்தவர் அவர். அதே 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், திருப்பதியில் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் தெலுங்குத் திரைநடிகர் சிரஞ்சீவி பிரஜா ராஜ்யம் என்னும் கட்சியைத் தொடங்கினார். இரண்டு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும், ஓர் அமைப்பு ஏன் ஒரு நட்சத்திரத்தைத் தலைமைக்குத் தேடுகிறது, தேடிக் கண்டடைந்தபின் அந்த அமைப்பு யாருடையதாக இருக்கிறது என்னும் வினாக்களுக்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்து விடை தேட இடமுண்டு.

இதற்கான கலைச்சொல் திருப்பதியிலேயே கிடைக்கிறது. திருமலைக் கருவறையில் நிற்கும் மூலவர் இடம் பெயர்வதில்லை. மாடவீதிகளில் உலா வந்து மக்களுக்குக் காட்சி தருபவர் உற்சவரான மலையப்ப சுவாமி. அமைப்புகளிலும் அதிகாரம் நிலைகொள்ளும் இடம் ஒன்றாகவும், மக்கள் கண்ணில் படும் உருவம் வேறொன்றாகவும் இருப்பது வழக்கம். பக்தியை விலக்கி, அமைப்பியல் ஒப்புமையாக மட்டுமே இச்சொற்கள் இங்கு ஆளப்படுகின்றன.

ரைஃபிள் சங்கம் உற்சவரைத் தேடியது 1998இல் முதன்முறையாக நிகழ்ந்ததன்று. 1871இல் நியூயார்க்கில் அச்சங்கம் தோன்றியபோது அதன் நோக்கம் குறிபார்த்துச் சுடும் பயிற்சியே. நிறுவியவர்கள் வில்லியம் சர்ச், ஜார்ஜ் விங்கேட் ஆகிய இருவர். முதல் தலைவராக அமர்த்தப்பட்டவரோ உள்நாட்டுப் போரில் தளபதியாகப் பெயர்பெற்ற ஆம்ப்ரோஸ் பர்ன்சைடு. 1883இல் அப்பொறுப்பு முன்னாள் குடியரசுத் தலைவர் யுலிசீஸ் கிராண்டிடம் சென்றது. போர்ப்புகழ் அந்நாளைய நட்சத்திரத் தகுதி. 1977இல் சின்சினாட்டி மாநாட்டில் உறுப்பினர்கள் பழைய நிர்வாகத்தைக் கவிழ்த்தபின் சங்கத்தின் குணம் மாறியது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை எதிர்ப்பதே அதன் முதன்மைப் பணியாயிற்று.

1995 அச்சங்கத்துக்கு நெருக்கடியான ஆண்டு. ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பு நிகழ்ந்த காலத்தில், அரசு முகவர்களைக் கடுஞ்சொற்களால் தாக்கிய சங்கத்தின் நிதிதிரட்டும் கடிதம் ஒன்று பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. முன்னாள் குடியரசுத் தலைவர் மூத்த ஜார்ஜ் புஷ் தம் ஆயுட்கால உறுப்பினர் தகுதியையே துறந்தார். சங்கத்துக்குள்ளும் பிளவு முற்றியிருந்தது. செயல் துணைத் தலைவர் வெய்ன் லாபியர் போதிய தீவிரம் காட்டவில்லை என்று கருதிய நீல் நாக்ஸ் அணி, அவரை அகற்ற முனைந்தது. இந்தச் சூழலில்தான் 1997 மே மாதம் சியாட்டிலில் நடந்த நிர்வாகக் குழுத் தேர்தலில் நாக்ஸுக்கு எதிராக ஹெஸ்டன் முதல் துணைத் தலைவர் பதவிக்கு நிறுத்தப்பட்டார். சிறிய வாக்கு வேறுபாட்டில் வென்று, மறு ஆண்டு தலைவரானார்.

இத்தேர்வில் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, ஹெஸ்டனின் கொள்கைப் பின்னணி. 1963இல் வாஷிங்டன் குடியுரிமைப் பேரணியில் நடந்தவர் அவர். 1968இல் இராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபின், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு ஆதரவாக வேறு சில நடிகர்களோடு சேர்ந்து குரல் கொடுத்தவரும் அவரே. முப்பதாண்டு இடைவெளியில் அவர் நிலைப்பாடு மாறியது. ஆனால், 1956இல் ‘பத்துக் கட்டளைகள்’ திரைப்படத்தில் மோசேயாகத் தோன்றிய உருவம் மக்கள் மனத்தில் மாறவில்லை. சங்கத்துக்குத் தேவைப்பட்டது அந்த உருவமே. 2000ஆம் ஆண்டு மே மாதம் சார்லட் நகர மாநாட்டில் அவர் பழங்காலத் துப்பாக்கி ஒன்றைத் தலைக்கு மேலே உயர்த்தி, உயிர் போனபின்னரே இதைத் தம் கையிலிருந்து எடுக்க முடியும் என்னும் பொருள்பட முழங்கியபோது, அவையோர் கண்டது மோசேயின் கைத்தடியையும்தான்.

இரண்டாவது, அதிகாரம் எங்கிருந்தது என்பது. தலைவர் பதவி ஹெஸ்டனிடம் இருந்தது; அன்றாட நிர்வாகமும் பணமும் லாபியரிடம் இருந்தன. உட்பகையில் தோற்றிருக்கக்கூடியவர், உற்சவரின் துணையால் நிலைபெற்றார். ஹெஸ்டனுக்காக விதி திருத்தப்பட்டு, வழக்கமான இரண்டு ஓராண்டுப் பதவிக்காலங்களுக்கு மாறாக அவர் ஐந்து முறை தலைவராக நீடித்தார். 2002இல் நினைவிழப்பு நோயின் அறிகுறிகள் தமக்கு இருப்பதை அறிவித்து, மறு ஆண்டு விலகினார். சங்கம் சிறிதும் குலையவில்லை. லாபியர் மேலும் இருபதாண்டு நீடித்தார். 2024 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்ற நடுவர் குழு அவர் சங்கப் பணத்தைத் தவறாகச் செலவிட்டதாக முடிவுசெய்து, 43 இலட்சம் டாலருக்கு மேல் திருப்பிச் செலுத்தக் கூறியது. அது உறுப்பினர்கள் தந்த பணம். அவர்கள் உற்சவரைக் கண்டு சேர்ந்தார்கள். கருவறைக்குள் நடந்ததைக் கேட்க அவர்களுக்கு வழி குறைவாகவே இருந்தது.

இந்தியாவில் துப்பாக்கி உரிமையை மையமாகக் கொண்டு இத்தகைய வெகுமக்கள் அமைப்பு வளரவில்லை. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைத் தேசிய இயக்கம் அவமதிப்பாகக் கருதியதும், 1931 கராச்சித் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றதும் உண்மை. எனினும் விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டமும் ஆயுதத்தை அரசு வழங்கும் உரிமமாகவே வைத்தது. இங்கு நட்சத்திரத் தலைமையைக் கோரிய பொருள் வேறு: மொழியினத்தின் தன்மானம். அந்த வரலாற்றில் திருப்பதி இருமுறை மையமாயிற்று.

1960இல் வெளியான ‘ஸ்ரீ வேங்கடேஸ்வர மகாத்மியம்’ படத்தில் என். டி. ராமாராவ் வேங்கடவனாகத் தோன்றினார். திருமலை சென்று திரும்பிய ஆந்திரப் பயணிகள் சென்னையில் அவர் இல்லத்தின் முன் காத்திருந்து அவரையும் கண்டு சென்றது அன்றைய வழக்கம். 1982 மார்ச் 29 அன்று தெலுங்கு தேசம் கட்சியை அவர் தொடங்கினார். 1983 ஜனவரித் தேர்தலில் அக்கட்சி 294 இடங்களில் 200க்கும் மேற்பட்டவற்றைப் பிடித்தது. ராமாராவ் குடிவாடாவிலும் திருப்பதியிலும் நின்று இரண்டிலும் வென்றார். வேங்கடவனின் ஊரிலேயே வேங்கடவனாக நடித்தவர் வென்றது வெறும் தற்செயல் என்று தள்ளுவதற்கில்லை. இங்கு எந்தக் குழுவும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. உற்சவரே கோயிலைக் கட்டினார், மூலவரும் அவரே.

கட்டிய கோயிலுக்கு நிர்வாகி தேவைப்பட்டார். அவர் வந்ததும் சித்தூர் மாவட்டத்திலிருந்துதான். நாராவாரிப்பள்ளியில் பிறந்து, திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் பயின்ற சந்திரபாபு நாயுடு, 1978இல் சந்திரகிரியில் காங்கிரஸ் சார்பில் வென்று பின்னர் அமைச்சரானவர். அவர் பொறுப்பில் இருந்த துறைகளுள் திரைப்படத் துறையும் ஒன்று. ராமாராவின் மருமகனான பின்னரும் 1983இல் காங்கிரஸ் வேட்பாளராகவே நின்று, தெலுங்கு தேசம் அலையில் தோற்றார். அதன்பின் மாமனாரின் கட்சிக்கு வந்து அமைப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். 1984 ஆகஸ்டில் ஆளுநர் ராமாராவின் ஆட்சியைக் கலைத்தபோது, சட்டமன்ற உறுப்பினர்களைக் கலையவிடாமல் காத்ததில் அவர் பங்கு பெரிது. ஒரு மாதத்தில் ஆட்சி மீண்டது.

அதே அமைப்பு வலிமை 1995இல் எதிர்த்திசையில் திரும்பியது. முந்தைய டிசம்பரில்தான் பெருவெற்றி பெற்றிருந்த ராமாராவை விட்டுப் பெரும்பான்மை உறுப்பினர்கள் நாயுடுவின் பக்கம் சேர்ந்தனர். செப்டம்பர் 1 அன்று அவர் முதலமைச்சரானார். கட்சியும் மிதிவண்டிச் சின்னமும் அவரிடம் சென்றன. 1996 ஜனவரி 18 அன்று ராமாராவ் மறைந்தார். மாக்ஸ் வேபர் கூறும் ஈர்ப்பாளுமை அதிகாரம் நிறுவன அதிகாரமாக மாறும் நிகழ்வுக்கு இதைவிடத் தெளிவான தென்னிந்தியச் சான்று அரிது. மக்கள் வாக்களித்தது ஒருவருக்கு, ஆண்டவர் இன்னொருவர்.

இந்தப் பின்னணியில் 2008 ஆகஸ்டுக் கூட்டத்தைப் பார்க்கவேண்டும். சிரஞ்சீவியிடம் முகம் இருந்தது. கிளைதோறும் கட்சியைத் தாங்கும் கட்டமைப்பு வளர ஓராண்டுகூடக் கிடைக்கவில்லை. 2009 தேர்தலில் பிரஜா ராஜ்யம் ஏறத்தாழ 16 விழுக்காடு வாக்குப் பெற்றும் 18 இடங்களையே வென்றது. சொந்த மாவட்டத்துப் பாலகொல்லுவில் சிரஞ்சீவி தோற்றார். திருப்பதி மட்டுமே அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 2011 பிப்ரவரியில் கட்சியைக் காங்கிரஸோடு இணைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2012இல் அவர் மாநிலங்களவை உறுப்பினராகி, பின்னர் நடுவண் அமைச்சருமானார். திருப்பதித் தொகுதி காலியானது.

2009இல் திருப்பதி வாக்காளர்கள் சிரஞ்சீவியைத் தேர்ந்தபோது தோற்கடித்தது காங்கிரஸ் வேட்பாளர் பூமன கருணாகர ரெட்டியை. ஈராண்டுக்குள் அவர்களுடைய வாக்கு, அவர்களைக் கேளாமலே காங்கிரஸ் கணக்கில் சேர்ந்துவிட்டது. 2012 இடைத்தேர்தலில் அதே கருணாகர ரெட்டியை, அவர் சேர்ந்திருந்த ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் சார்பில் அவர்கள் வெற்றிபெறச் செய்தனர். அமைப்பு இல்லாத முகம் தன்னை நம்பியவர்களின் வாக்கை எங்கும் கொண்டுசென்று கொடுத்துவிட முடியும் என்பதற்கு மக்கள் தந்த மறுமொழியாக அதைக் கொள்ளலாம்.

மூன்று நேர்வுகளையும் தொகுத்தால் ஒரு வேறுபாடு துலங்குகிறது. ரைஃபிள் சங்கம் முகத்தைக் கடன் வாங்கியது, அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. தெலுங்கு தேசத்தில் முகமே அமைப்பைப் பெற்றெடுத்தது. வளர்ந்த அமைப்பு முகத்தை விலக்கியது. பிரஜா ராஜ்யத்தில் முகம் விலகியதும் எஞ்சியது ஏதுமில்லை. மூன்றிலும் பொதுவாக உள்ளது ஒன்றுண்டு: முகத்தை நம்பி வந்த உறுப்பினருக்கோ வாக்காளருக்கோ அடுத்த முடிவில் இடமில்லை. நட்சத்திரத் தலைமை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நட்சத்திரத்தின் ஈர்ப்பையே அளக்கின்றன. தேர்ந்தவர் யார், நிர்வாகம் எவர் கையில், விலகும்போது ஆதரவாளர்களிடம் என்ன எஞ்சுகிறது என்னும் கேள்விகள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன.

2024இல் திருப்பதித் தொகுதியை வென்றது ஜன சேனா. சிரஞ்சீவியின் தம்பி, நடிகர் பவன் கல்யாண் 2014இல் தொடங்கிய கட்சி அது. 2019இல் ஒரே ஓர் இடம் பெற்ற அக்கட்சி, இம்முறை நாயுடுவின் கட்சியோடு கூட்டணி சேர்ந்து, நின்ற 21 இடங்களிலும் வென்றது. அண்ணனுக்கு வாய்க்காத கட்டமைப்பின் துணை தம்பிக்குக் கிடைத்தது. 1983, 2009, 2012, 2024 ஆகிய நான்கு தேர்தல்களையும் ஒரே தொகுதியின் வாக்குச்சாவடி அளவில் ஒப்பிடும் ஆய்வை எவரேனும் மேற்கொண்டால், உற்சவரை வணங்கியவர்கள் எப்போது மூலவரைத் தேடத் தொடங்குகிறார்கள் என்பதை ஊகமாக அன்றிச் சான்றோடு கூற இயலும்.