சிறு பிள்ளைகளோடு கேளிக்கைப் பூங்காவுக்கு: டிக்கெட்டுக்கு முன் எடுக்க வேண்டியது அளவு நாடா

கேளிக்கைப் பூங்காக்களில் பிள்ளைகள் அதிகம் அழும் இடம் உயரமான ராட்டினத்தின் உச்சியில் இல்லை. வரிசையின் வாசலில் நிற்கும் அளவுப் பலகைக்கு அருகில்தான். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றபின் பணியாளர் பிள்ளையைப் பலகையோடு சேர்த்து நிறுத்துவார். தலை கோட்டைத் தொடாது. "ஒரு விரற்கடைதானே, விடுங்க" என்று அப்பா கெஞ்சுவார், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அண்ணன் உள்ளே போக, தங்கை வெளியே நிற்பாள்.

அந்தப் பணியாளர் மனம் இரங்கினாலும் விட முடியாது. உயர அளவு என்பது இருக்கையில் பிள்ளையைப் பிடித்து வைக்கும் கம்பியையும் வாரையும் வைத்து முடிவு செய்யப்படுவது. கம்பி தொடையை அழுத்திப் பிடிக்க வேண்டும், முதுகு இருக்கையின் பின்புறத்தில் படிய வேண்டும். உடல் சிறியதாக இருந்தால் இடைவெளி விழும். வண்டி திரும்பும் வேகத்தில் பிள்ளை அந்த இடைவெளி வழியாக வழுக்கிவிடலாம். காலணிக்குள் துணியை மடித்து வைத்து உயரத்தைக் கூட்டும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஏமாற்றுவது பணியாளரை அல்ல.

ஆகவே திட்டமிடல் வீட்டுக் கதவு நிலையில் தொடங்க வேண்டும். காலணி இல்லாமல், குதிகால் சுவரில் படும்படி பிள்ளையை நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தை வைத்துக் கோடு கிழித்தால் போதும். பொதுவாக நான்கு வயதுப் பிள்ளை 100 முதல் 105 சென்டிமீட்டர் வரையிலும், ஆறு வயதுப் பிள்ளை ஏறக்குறைய 115 சென்டிமீட்டரும் இருக்கும். நம் பிள்ளைகளில் பலர் இதற்குச் சற்றுக் குறைவாகவும் இருப்பார்கள். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை, கணக்கில் எடுத்துக்கொண்டால் சரி.

சிங்கப்பூர் செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸை எடுத்துக்கொள்வோம். அங்கே நான்கு வயதிலிருந்து பிள்ளைக்கும் டிக்கெட் உண்டு. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் விளையாட்டுக்கு 102 சென்டிமீட்டர், மம்மி விளையாட்டுக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்குப் பணம் கட்டியாகிவிடும், பெயர்பெற்ற விளையாட்டுகளில் பாதிக்கு மேல் அது ஏற முடியாது. மூன்று வயதில் அழைத்துப் போனால் டிக்கெட் இல்லை, ஏழெட்டு வயதில் போனால் கொடுத்த காசுக்கு விளையாடலாம். நான்கும் ஐந்தும்தான் நட்டமான வயது.

வயதுக்கு ஏற்ற பூங்கா

இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது ஜொகூர், இஸ்கண்டார் புத்ரியில் உள்ள லெகோலேண்ட். 2012 செப்டம்பரில் திறக்கப்பட்ட இதுதான் ஆசியாவின் முதல் லெகோலேண்ட். சிறு பிள்ளைகள் சிறு வண்டி ஓட்டிப் பழகும் இடம், இரட்டைக் கோபுரத்தையும் தாஜ்மகாலையும் லெகோ கட்டைகளில் சிறிதாகக் கட்டி வைத்திருக்கும் மினிலேண்ட் ஆகியவற்றிலேயே ஒரு காலைப் பொழுது போய்விடும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. கேளிக்கைப் பூங்கா, நீர்ப் பூங்கா, கடல்வாழ் உயிரினக் கூடம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி டிக்கெட்டும் உண்டு, சேர்த்து வாங்கும் டிக்கெட்டும் உண்டு. சேர்த்து வாங்கினால் மலிவு என்று தோன்றும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் குடும்பம் ஒரே நாளில் இரண்டைப் பார்த்து முடிப்பது பெரும்பாலும் நடக்காது. மதியம் மூன்று மணிக்குப் பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருக்கும்.

சிலாங்கூர், பண்டார் சன்வேயில் உள்ள சன்வே லகூன் 1993-இல் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் எழுந்தது. அங்கே 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நுழைவு இலவசம். நீர் விளையாட்டு, வனவிலங்குகள், பேய் வீடு என்று உள்ளே பல பகுதிகள் இருப்பதால், எங்கே போவது, எதை விடுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். பேய் வீட்டுப் பக்கம் சிறு பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டு இரவில் அவர்கள் தூங்கவில்லை என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

தாத்தா பாட்டியையும் சேர்த்து அழைத்துப் போவதென்றால் ஈப்போ, தம்பூனில் உள்ள லோஸ்ட் வோர்ல்ட் பொருத்தமாக இருக்கும். சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள், உள்ளே இயற்கையான வெந்நீர் ஊற்று. பிள்ளைகள் நீரில் விளையாடும் நேரத்தில் முழங்கால் வலிக்காரர்கள் வெந்நீரில் காலை வைத்து உட்காரலாம். பேரப் பிள்ளைகளின் பையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நாற்காலியில் இருப்பதற்காகவே பாட்டிக்கு முழுக் கட்டணம் கட்டும் குடும்பங்கள் ஏராளம். பாட்டியையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். "நான் வீட்டிலேயே இருக்கேம்பா" என்பது அவருக்குப் பெரிய நிம்மதியாகவும் இருக்கக்கூடும்.

கெந்திங் மலையில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஸ்கைவோர்ல்ட்ஸ் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் தொல்லை குறைவு, மழையும் மூடுபனியும் அதிகம். ஒவ்வொரு பிள்ளைக்கும் குளிர்ச்சட்டை வேண்டும். வளைந்து ஏறும் மலைப் பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் புறப்படும் முன் வயிறு முட்டப் பசியாற வைக்காமல், பிளாஸ்டிக் பைகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பணமும் நாளும்

தோட்டத்துக் குடும்பத்துக்கு இது மாதக்கணக்கில் சேர்த்த பணம். டிக்கெட்டை வாசலில் வாங்குவதைவிட இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் பெரும்பாலும் குறைவாக இருக்கும். மலேசியர் கட்டணத்துக்கு அடையாளம் காட்ட வேண்டும், எனவே பெரியவர்களின் மைகாட் மட்டுமல்ல, பிள்ளைகளின் மைகிட் அட்டையும் பையில் இருக்க வேண்டும். வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைத்த மைகிட்டுக்காக வாசலில் கூடுதல் வெள்ளி கட்டியவர்கள் உண்டு. ஓகேயூ அட்டை வைத்திருப்பவர்களும் மூத்த குடிமக்களும் சலுகை இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

டிக்கெட் விலை மட்டும் செலவல்ல. டோல், எண்ணெய், வாகன நிறுத்தம், பொருள் வைக்கும் பெட்டி வாடகை, தள்ளுவண்டி வாடகை, உள்ளே விற்கும் தண்ணீர், கடைசியில் வெளியே வரும் வழியில் கட்டாயம் கடந்தாக வேண்டிய பொம்மைக் கடை என்று அது நீளும். பொம்மைக் கடையைப் பற்றி முதல் நாள் இரவே பிள்ளையிடம் பேசிவிட வேண்டும். "ஒரு பொருள், இவ்வளவு வெள்ளிக்குள்" என்று சொல்லி, அந்தப் பணத்தைத் தனியாக ஒரு உறையில் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டால், கடையில் நடக்க இருக்கும் போராட்டத்தில் பாதி முடிந்துவிடும்.

பெரும்பாலான பூங்காக்களில் வெளி உணவுக்கு அனுமதி இல்லை. குழந்தையின் பால், கஞ்சி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. விடியற்காலையில் கட்டிய புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் வாகன நிறுத்துமிடத்தில் வைத்துச் சாப்பிடுவது பலர் செய்வதுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியே போய்விட்டு அதே நாளில் மீண்டும் நுழைய முடியுமா, கையில் முத்திரை வேண்டுமா என்று நுழையும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். சைவக் குடும்பங்கள் உள்ளே கிடைக்கும் உணவை நம்பி வெறும் வயிற்றோடு போகாமல் இருப்பது நல்லது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயம் மாறியிருக்கிறது. ஜொகூரில் 2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு. முன்பு வெள்ளி விடுமுறையாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறையும் என்று போனவர்களின் கணக்கு இப்போது செல்லாது. ஜூன் மாதத்திலும் ஆண்டிறுதியிலும் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் விடுமுறை என்பதால் அப்போது பாலத்தில் வாகனங்கள் நகராது, லெகோலேண்டிலும் கூட்டம் பெருகும். பூங்கா அன்று திறந்திருக்கிறதா என்பதையும் அதன் நாட்காட்டியில் பார்த்துவிட வேண்டும். சிங்கப்பூருக்குப் போகும் மலேசியக் குடும்பங்களுக்குக் கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

தண்ணீர், துணி, தங்கம்

நீர்ப் பூங்காக்களில் பருத்தி டீ-சட்டை, ஜீன்ஸ், உலோக ஜிப் வைத்த கால்சட்டை ஆகியவற்றுக்கு அனுமதி மறுக்கப்படுவது வழக்கம். பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், ஜிப் சறுக்குப் பாதையைக் கீறும். சுரிதாரோடு வந்த அம்மாக்கள் கரையிலேயே உட்கார நேர்கிறது. அம்மா கரையில் இருந்தால் நீருக்குள் பிள்ளையைப் பார்ப்பது யார்? முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை பாசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கிறது. உடல் தெரியுமோ என்ற கூச்சமும் அதில் தீரும்.

அடுத்தது தங்கம். குழந்தையின் கொலுசு, அரைஞாண், காதுவளையம், கைச் சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட வேண்டும். அலைக்குளத்தில் விழுந்த சங்கிலி திரும்பக் கிடைப்பது அரிது. சறுக்கில் சிக்கும் கொலுசு காலைக் கிழிக்கவும் கூடும். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள் அதை உடைக்குள் வைத்துப் பின்னூசியால் பிணைக்காமல், உயரமான சறுக்குகளைத் தவிர்ப்பதே மேல். ஈரத்தில் பின்னூசி திறந்துகொள்ளும்.

நீரில் மூழ்கும் பிள்ளை கத்துவதில்லை, கையை ஆட்டி உதவி கேட்பதுமில்லை. முழங்கால் அளவு நீரிலும் சில நிமிடங்களில் சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது. காற்றடைத்த கைப்பட்டை விளையாட்டுப் பொருள், உயிர்காக்கும் சட்டை அல்ல. உயிர்காப்பாளர் நூறு பேரைப் பார்க்கிறார்; உங்கள் பிள்ளையை மட்டும் பார்க்க ஒரு பெரியவர், கைநீட்டினால் தொடும் தூரத்தில், தொலைபேசி இல்லாமல் நிற்க வேண்டும். பல பேர் சேர்ந்து போகும்போதுதான் ஆபத்து கூடுகிறது, ஏனெனில் ஆளாளுக்கு மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்பை மாற்றிக்கொள்வது நல்ல பழக்கம்.

வெயிலில் பிள்ளை விளையாட்டு மும்முரத்தில் தாகத்தைச் சொல்லாது. கேட்காமலே அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டும். உதடு காய்ந்து, நெடுநேரம் சிறுநீர் போகாமல், சோர்ந்து, கண்ணீர் இல்லாமல் அழுதால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், பூங்காவின் முதலுதவி அறையை நாட வேண்டும். நம் நாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். இடி முழங்கினால் வெளிப்புற விளையாட்டுகள் நிறுத்தப்படும். எனவே பிள்ளை மிகவும் ஆசைப்படும் விளையாட்டைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். கூரைக்குள் நடக்கும் காட்சிகளை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் பிள்ளைக்குக் காய்ச்சலோ, கையிலும் வாயிலும் கொப்புளமோ இருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதுதான் முறை. கை, கால், வாய்ப் புண் நோய் பிள்ளைகள் கூடும் இடத்தில் வேகமாகப் பரவும். டிக்கெட் பணம் போகிறதே என்று தோன்றும். தேதியை மாற்ற முடியும் டிக்கெட்டாக முதலிலேயே வாங்குவது அதற்காகத்தான்.

கூட்டத்தில் பிரிந்துவிட்டால்

காலையில் வாசலில் பிள்ளையை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை காணாமல் போனால் பதற்றத்தில் அன்று என்ன நிறச் சட்டை போட்டிருந்தது என்பதே மறந்துவிடும். படம் இருந்தால் பணியாளர்களிடம் காட்டலாம். கைத்தொலைபேசி எண்ணை நீரில் அழியாத பேனாவால் முன்கையின் உட்புறத்தில் எழுதலாம். பெயரைச் சட்டையின் வெளியே தெரியும்படி எழுதக்கூடாது, முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிவிடும். வழி தவறினால் அங்கேயே நிற்க வேண்டும், சீருடை போட்ட அக்கா, அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்து, அந்தச் சீருடையை நுழைந்தவுடன் காட்டியும் வைக்க வேண்டும். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளைக்கு "அம்மாவைக் காணோம்" என்பதை மலாயில் சொல்லப் பழக்கிவிடுவது சிறிய வேலைதான்.

பெரிய பிள்ளையோடு அப்பா விளையாட்டில் ஏற, அம்மா சின்னதை வைத்துக்கொண்டு நிற்பது வழக்கம். அப்பா இறங்கியதும் அம்மா மீண்டும் வரிசையில் நிற்காமலே ஏறிக்கொள்ளும் ஏற்பாடு பல பூங்காக்களில் உண்டு. வரிசையின் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். கேட்காததால்தான் பல அம்மாக்கள் ஒரு விளையாட்டிலும் ஏறாமல் வீடு திரும்புகிறார்கள்.

வேனும் பஸ்ஸும்

குளுவாங்கிலிருந்தோ சிகாமட்டிலிருந்தோ கோயில் குழுவும் பந்து விளையாட்டு மன்றமும் பஸ் எடுத்துப் போவது தோட்டங்களில் பழைய வழக்கம். மலிவாகக் கிடைக்கிறது என்று பயணிகளை ஏற்றும் உரிமம் இல்லாத வேனைப் பிடித்தால், விபத்து நேரும்போது காப்புறுதி கைகொடுக்காது. உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பது ஏற்பாட்டாளரின் கடமை. 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் பயணிகள் இருக்கை வார் அணிவது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. சொந்தக் காரில் போகிறவர்களுக்கு 2020-லிருந்தே குழந்தை இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. திடீரென்று பிரேக் போட்டால் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து வைக்க முடியாது.

அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு, அன்றிரவே அதே ஓட்டுநர் திரும்ப ஓட்டுவதுதான் இத்தகைய பயணங்களில் மிக மோசமான பகுதி. பூங்காவில் இருக்கும் நேரத்தில் ஓட்டுநர் தூங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்ய வேண்டும். கடைசி விளையாட்டுக்காக இன்னும் ஒரு மணி நேரம் நிற்பதைவிட, வெளிச்சம் இருக்கும்போதே புறப்படுவது நல்லது. ஏறும்போது தலைகளை மட்டும் எண்ணாமல் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தூங்கும் பிள்ளையை யாரோ தூக்கி வைத்திருப்பார்கள் என்ற நினைப்பில் எண்ணிக்கை தவறுவதுண்டு. ஓய்வுப் பகுதிகளில் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அதே பட்டியலை மறுபடி வாசிக்க வேண்டும்.