தண்டு தளர்ந்ததா?

1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி நிலைபெறச் செய்த செயற்கை இடுப்பு மூட்டு, முடங்கிக் கிடந்தவர்களை நடக்க வைத்தது. கூடவே புது வகை எலும்பு முறிவையும் கொண்டுவந்தது. தொடை எலும்பின் உட்குழியில் செயற்கை மூட்டின் உலோகத் தண்டு. அதன் நுனியை ஒட்டி எலும்பு உடைகிறது. உடைந்த எலும்பின் உட்குழிக்குள் செலுத்த ஜெர்மனிய அறுவை மருத்துவர் குன்ட்ஷர் 1939இல் பயன்படுத்தத் தொடங்கிய உள்தடியை மேலிருந்து இறக்க இங்கே வழியில்லை; தண்டு குழியை அடைத்திருக்கிறது. முதலில் எடை கட்டி இழுத்து வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். முதியவர்களுக்குப் படுக்கைப்புண்ணும் நிமோனியாவும்தான் மிச்சம். பிறகு பக்கவாட்டில் தகடு வைத்து, தண்டு அடைத்திருக்கும் மேற்பகுதியில் திருகுக்குப் பதிலாகப் பட்டையும் கம்பியும் சுற்றினார்கள்.

பெரிய திருப்பம், இம்முறிவுகளுக்காக 1995இல் அறுவை மருத்துவர்கள் டங்கனும் மஸ்ரியும் வகுத்த வான்கூவர் பிரிவுமுறைதான் என்பேன். உடைந்த இடத்தோடு, தண்டு உறுதியாக இருக்கிறதா, மிச்ச எலும்பு தேறுமா என்றும் அது கேட்டது. உறுதியென்றால் தகடு; தளர்ந்திருந்தால் முறிவைத் தாண்டி இறங்கும் நீண்ட தண்டு. பின்னால் வந்த, திருகுகள் தகட்டோடு பூட்டிக்கொள்ளும் பூட்டுத் திருகுத் தகடுகளே பலன் தந்தன என்பாரும் உண்டு. மெலிந்த எலும்பிலும் அவை நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆடும் தண்டின்மேல் எந்தத் தகடும் நாளடைவில் சோர்ந்து முறியக்கூடும். எக்ஸ்ரே தளர்ச்சியை மறைக்கலாம் என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. அதனால்தான் சந்தேகம் இருந்தால் அறுவை மேசையிலேயே தண்டை அசைத்துப் பார்க்கிறார்கள்.