எங்க கரையின் ஆமைக் கணக்கு

நம்ம குழுவுக்கு வரவு செலவு நோட்டு இருக்கிற மாதிரி பெசன்ட் நகர் கரைக்கும் ஒரு கணக்கு உண்டு. 1988-ல் தொடங்கின மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் பிள்ளைகள், சீசனில் ராத்திரி நீலாங்கரையிலிருந்து இங்கே வரைக்கும் நடந்தே வருகிறார்கள். சம்பளம் கிடையாது. பங்குனி ஆமையின் தடம் பார்த்துக் குழியைக் கண்டுபிடித்து, நூறு முட்டை இருந்தாலும் ஒவ்வொன்றாக எண்ணி, நாய் தோண்டாதபடி வேலிக்குள் புதைப்பார்கள். ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சு வரும். தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுக்கு ஓடிவிடுமே என்று கூடவே நின்று கடலில் விடுவார்கள்.

செத்து ஒதுங்கினதற்கும் கணக்கு உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இழுவை வலையில் மாட்டினால் மூச்சு விட மேலே வர முடியாது. எங்க வீட்டுக்காரரும் வலை போடுகிறவர்தான், சின்ன படகு. அந்த எண்ணிக்கையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்.