பெயருக்கு முன்பே பிறந்த பாடம்

ஆட்டிசம் என்ற சொல் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் பரவலாக வந்து இருபது முப்பது வருடங்கள்தான் ஆகின்றன. மதியிறுக்கம் என்று தமிழிலும் சொல்கிறார்கள். அதனால் அந்தக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறையும் நேற்று வந்ததுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெயர் வருவதற்கு நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்பே பாடம் பிறந்துவிட்டது. பிறந்த இடம் பிரான்ஸ். ஆம், 1954 வரை காரைக்காலை ஆண்ட அதே பிரான்ஸ்தான்!

1800ஆம் ஆண்டு அவேரோன் காட்டுப் பகுதியில் பேச்சில்லாத ஒரு சிறுவன் அகப்பட்டான். பன்னிரண்டு வயது இருக்கலாம். பாரிஸின் பெரிய மருத்துவர்கள் அவனைப் பார்த்துவிட்டு, இவன் தேறமாட்டான் என்று கைவிரித்தார்கள். காது கேளாதோர் நிறுவனத்தில் இருந்த இளம் மருத்துவர் இத்தார் மட்டும் அதை ஏற்கவில்லை. விக்தர் என்று பெயரிட்டு ஐந்து வருடங்கள் பாடம் நடத்தினார். சூடு, குளிர், வடிவம் என்று புலன்களில் தொடங்கி, தனித்தனியாக வெட்டிய எழுத்துகள் வரை போனார். பிரெஞ்சில் 'பால்' என்பதற்கு நான்கு எழுத்து. ஒருநாள் விக்தர் வழக்கமாகப் பால் கிடைக்கும் வீட்டுக்குக் கிளம்பும்போது, யாரும் சொல்லாமலேயே அந்த நான்கு எழுத்துகளையும் எடுத்துக்கொண்டு போய் அங்கே மேசை மீது அடுக்கிக் காட்டினான். இன்று பேச்சு வராத குழந்தைகளிடம் படஅட்டை கொடுத்துக் கேட்கச் சொல்கிறார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

ஆனால் விக்தருக்குப் பேச்சு வரவில்லை, இத்தார் மனம் தளர்ந்து நிறுத்திவிட்டார். 1828இல் அவன் இறக்கும்வரை சோறு போட்டுப் பார்த்துக்கொண்டவர் கெரேன் அம்மையார். (புத்தகங்களில் அவருக்குக் கிடைப்பது என்னவோ இரண்டு வரிதான்.) விக்தருக்கு இருந்தது ஆட்டிசம்தான் என்று உத்தா ஃப்ரித் போன்ற ஆய்வாளர்கள் பின்னாளில் எழுதினார்கள். மறுப்பவர்களும் உண்டு.

இத்தாரின் வழியை அவரது மாணவர் செகேன் வளர்த்தார். இருவரின் நூல்களையும் இத்தாலியில் கையாலேயே மொழிபெயர்த்து எழுதிக்கொண்டு படித்தவர் மரியா மாண்டிசோரி. அவர் முதலில் கற்பித்தது 'மந்தபுத்தி' என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்கு. அதன் பிறகுதான், 1907இல், ரோமில் சாதாரணக் குழந்தைகளுக்கான இல்லம் தொடங்கினார்.

அந்த மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபையின் அருண்டேல் அழைப்பு. சுமார் 300 பேர் முதல் பயிற்சியில் சேர்ந்தார்கள். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் 'எதிரி நாட்டவர்' என்று கட்டுப்பாடு வர, ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அவர் அங்கே இருந்த 1943இல்தான் அமெரிக்காவில் லியோ கன்னர் 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டு ஆட்டிசத்துக்குப் பெயர் கொடுத்தார். பாடம் ஏற்கனவே நம்மூர் மலையில், பெயர் பால்டிமோரில்! ஆனால் மாண்டிசோரி என்பது இங்கே நர்சரி பள்ளிகளின் பெயர்ப்பலகை ஆகிவிட்டது. அது யாருக்காகத் தொடங்கியது என்பது மறந்தே போனது.

பெயர் வந்ததோடு பழியும் வந்தது. பாசமற்ற பெற்றோரால் வருகிறது என்ற கருத்தை 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் புத்தகமாகவே எழுதினார். அதற்கு மூன்று வருடம் முன்பே, ஆட்டிசக் குழந்தையின் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்ட், இது மூளை சார்ந்தது என்று வாதாடியிருந்தார். நம் ஊரில் தாயைப் பழிக்கப் புத்தகம் எதுவும் தேவைப்படவில்லை. கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பதே போதுமானதாக இருந்தது.

இந்தியாவில் கதவைத் திறந்ததும் ஒரு தாய்தான். மெர்ரி பருவா 1991இல் டெல்லியில் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். சட்டமோ மெதுவாகத்தான் வந்தது. 1995இன் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைச் சொன்னது, ஆட்டிசம் அதில் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016இன் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாக முழு இடம் கிடைத்தது. பட்டியலில் பெயர் இல்லாத காலத்தில் அந்தப் பெயரில் சான்றிதழும் இல்லை, சலுகையும் இல்லை. கன்னரின் கட்டுரைக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவே 73 வருடங்கள். அதற்குள் எத்தனை பிள்ளைகள் 'கிறுக்கு' என்ற பட்டத்தோடு கிழவர்களாகியிருப்பார்கள்!

பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005இல் முட்டுக்காட்டில் வந்தது. கருக்களாச்சேரி போன்ற காரைக்கால் மீனவ கிராமத்திலிருந்து அது இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். விடியுமுன் கடலுக்குப் போகும் தகப்பனும், கூடை தூக்கும் தாயும் வாரந்தோறும் பஸ் ஏறுவது நடக்கிற காரியமா? பெற்றோரையே ஆசிரியராக்கும் வழி ஒன்று உண்டு. எரிக் ஷோப்ளர் அமெரிக்காவின் வட கரோலினாவில் 1972இல் ஒரு மாநிலம் முழுவதற்கும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். குழந்தையைச் சோதித்துச் சொல்லவும் பேச்சுப் பயிற்சிக்கும் வல்லுநர்கள் வேண்டும்தான். ஆனால் மத்தி ஒரு கூடை, நெத்திலி ஒரு கூடை என்று பிரிக்கப் பழக்குவதும் இத்தார் நடத்திய பாடத்தின் வகைதான். அதை எப்படிப் படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பது என்று அந்தத் தாய்க்குக் காட்ட, மாதம் ஒருமுறை ஒருவர் அந்தக் கரைக்கு வந்து போக வேண்டும்.