4100-இல் தொடங்கும் வரலாறு: தமிழகத்தில் 8085 பயிற்சிக்கருவியும் உளுந்தூர்பேட்டை போன்ற சிற்றூர்களின் மாணவரும்

ஆய்வுச் சுருக்கம்

நுண்செயலியைக் கொண்டு தம் கையாலேயே கணினி அமைத்து நிரல் எழுதும் வழக்கத்தின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆர்வலர் குழுக்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தமிழகத்தில் அவ்வழக்கம் தனிமனிதரின் வீட்டில் தோன்றாமல், கல்லூரி ஆய்வகத்தில் பாடத்திட்டத்தின் வழியாக வேர்கொண்டது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். 8085 பயிற்சிக்கருவியின் அமைப்பு, அது பரவிய சூழல், அதனைப் பயன்படுத்திய சிற்றூர் மாணவரின் நிலை, அவ்வறிவின் மொழி ஆகியவை இங்கு ஆராயப்படுகின்றன. இவ்வரலாற்றின் மூலச் சான்றுகள் அழிந்துவருவதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நுண்செயலி, 8085, பயிற்சிக்கருவி, பொறிமொழி, உளுந்தூர்பேட்டை, தொழில்நுட்ப வரலாறு

முன்னுரை

தமிழ்க் கணிமை வரலாறு எனப்படுவது இதுவரை எழுத்துரு, விசைப்பலகை, குறியாக்கம் ஆகியவற்றின் வரலாறாகவே பயிலப்பட்டு வந்துள்ளது. தமிழ் எழுத்தைக் கணினித் திரையில் கொண்டுவந்தோரின் உழைப்பு அதற்குரிய மதிப்பைப் பெற்றுள்ளது. ஆனால், கணினியின் உள்ளே நிகழ்வதைத் தமிழர் எங்கு, எவ்வாறு கற்றனர் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பெருநகர மென்பொருள் நிறுவனங்களிலிருந்து தொடங்குவது வழக்கம். இக்கட்டுரை, மாநிலமெங்கும் கல்லூரி ஆய்வகங்களின் மேசைமேல் இருந்த ஒரு மின்சுற்றுப் பலகையிலிருந்து தொடங்குகிறது.

ஆர்வலர் கணினியின் தோற்றம்

1975 சனவரியில் அமெரிக்காவின் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழ், இன்டெல் 8080 நுண்செயலியில் இயங்கும் ஆல்டேர் 8800 என்னும் கணினியை முகப்பில் வெளியிட்டது. அதனை உதிரிப்பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டு மார்ச்சில் கலிபோர்னியாவில் ஹோம்புரூ கணினிக் குழு கூடியது. அக்குழுவின் உறுப்பினரான ஸ்டீவ் வாஸ்னியாக் 6502 நுண்செயலியைக் கொண்டு அமைத்த கணினியே 1976-இல் முதல் ஆப்பிளாக விற்பனைக்கு வந்தது.

அந்த 1976ஆம் ஆண்டிலேயே இன்டெல் 8085 நுண்செயலியும் சைலாக் இசட்80 நுண்செயலியும் வெளிவந்தன. 8085 சுமார் 6,500 டிரான்சிஸ்டர்களைக் கொண்டது. 40 கால்கள் உடையது. ஒரே நேரத்தில் 8 பிட்டுகளைக் கையாள்வது. 64 கிலோபைட்டு நினைவகத்தை முகவரியிடவல்லது. 8080-க்கு மூன்று வகை மின்னழுத்தம் தேவைப்பட்டது; 8085-க்கு 5 வோல்ட்டு ஒன்றே போதும். பெயரின் இறுதியிலுள்ள ‘5’ இதனையே குறிக்கிறது. எளிய மின்வழங்கி ஒன்றால் இயங்கும் இப்பண்பு, அது கற்பித்தலுக்கு ஏற்றதாக அமைந்ததற்கு முதற்காரணமாகும். 1977-இல் இன்டெல் வெளியிட்ட எஸ்டிகே-85 என்னும் கருவித்தொகுப்பு, ஒரே பலகையில் நுண்செயலி, நினைவகம், எண்விசைகள், ஒளிரும் எண்காட்டி ஆகியவற்றை இணைத்துப் பிற்காலப் பயிற்சிக்கருவிகளுக்கு முன்மாதிரியாயிற்று.

இந்தியச் சூழல்

இந்தியாவில் இத்தகைய ஆர்வலர் இயக்கம் அக்காலத்தில் எளிதாக உருவாகக்கூடிய சூழல் இல்லை. மின்னணு உறுப்புகளின் இறக்குமதி, உரிமத்துக்கும் உயர்ந்த சுங்கவரிக்கும் உட்பட்டிருந்தது. 1978-இல் ஐபிஎம் நாட்டைவிட்டு வெளியேறியது. தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்து கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற சிவ் நாடார் முதலானோர் 1976-இல் தொடங்கிய எச்சிஎல் நிறுவனம், அதே 1978-இல் தன் முதல் நுண்கணினியை வெளியிட்டது. ஆயினும் அது அலுவலகத்துக்குரிய பொருள். நடுத்தரக் குடும்பத்து மாணவர் ஒருவர் தம் செலவில் கணினி வாங்குவதோ, அமைப்பதோ அரிதினும் அரிது.

1984 இறுதியில் வந்த புதிய கணினிக் கொள்கை இக்கட்டுகளைத் தளர்த்தியது. அவ்வாண்டிலேயே பள்ளிகளுக்கான நடுவண் அரசின் ‘கிளாஸ்’ திட்டம், பிரித்தானிய பிபிசி மைக்ரோ கணினிகளைச் சுமார் 250 பள்ளிகளில் அறிமுகப்படுத்தத் தொடங்கியது. நாடு முழுமைக்கும் 250 பள்ளிகள் என்பதை நோக்க, ஒரு வட்டத் தலைநகரிலிருந்த மாணவருக்கு அத்திட்டம் எட்டாக்கனியே.

ஆய்வகத்துக்குள் வந்த கணினி

தமிழகத்தைப் பொறுத்தவரை 1984 மற்றொரு காரணத்தாலும் திருப்புமுனை ஆண்டாகும். தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அன்றைய மாநில அரசு இசைவளித்தது. கல்லூரிகள் பெருகப் பெருக, பாடத்திட்டம் கோரும் ஆய்வகக் கருவிகளுக்கான தேவையும் பெருகியது. நுண்செயலிப் பாடத்துக்கு ஒவ்வொரு கல்லூரியும் பல பயிற்சிக்கருவிகளை வைத்திருக்க வேண்டும். இத்தேவையை உள்நாட்டு உற்பத்தியாளர்கள் நிறைவு செய்தனர். சென்னைப் பெருங்குடியில் இயங்கும் வி மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ‘மைக்ரோ-85’ வரிசைக் கருவிகள் தமிழக ஆய்வகங்களில் பரவலாக இடம்பெற்றன.

நூல்களும் இதற்குத் துணைநின்றன. ரமேஷ் கவோங்கர் எழுதி 1984-இல் வெளிவந்த 8085 பாடநூல் இந்தியக் கல்லூரிகளில் நிலைபெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. பத்மநாபனும் எஸ். ஆனந்தியும் எழுதிய ‘லேர்ன் டு யூஸ் மைக்ரோபிராசசர்ஸ்’ என்னும் நூலை ‘எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ இதழின் பதிப்பகம் வெளியிட்டது. முன்னது வகுப்பறை சார்ந்தது. பின்னது கருவியைக் கையாளத் தூண்டுவது. மேலைநாட்டில் குழுக்கள் ஆற்றிய பணியை இங்கே பாடத்திட்டம், கருவி உற்பத்தியாளர், மின்னணு இதழ் ஆகிய மூன்றும் பகிர்ந்துகொண்டன எனலாம்.

கருவியின் அமைப்பும் 4100 என்னும் முகவரியும்

பயிற்சிக்கருவியில் திரை இல்லை, எழுத்து விசைப்பலகை இல்லை, வட்டு இல்லை. பதினறும எண்முறையின் பதினாறு குறிகளுக்கும் சில கட்டளைகளுக்கும் உரிய விசைகள் உண்டு. ஏழு கோடுகளால் எண்ணைக் காட்டும் ஒளிகாட்டிகள் ஆறு உண்டு. விசை அழுத்தத்தை உணர்ந்து எண்ணைக் காட்டும் கண்காணிப்பு நிரல், புற ஊதாக் கதிரால் மட்டுமே அழியும் ஈப்ராம் சில்லில் பதியப்பட்டிருக்கும். அச்சில்லின் கண்ணாடிச் சாளரத்தின்மேல் ஒட்டப்பட்ட காகிதத்துண்டு, ஒளி புகாமல் அந்நிரலைக் காத்துவந்தது.

மாணவர் தம் நிரலை முதலில் ஏட்டில் நினைவுக்குறிகளாக எழுதுவார். பின்னர் கட்டளை அட்டவணையைப் பார்த்து ஒவ்வொன்றையும் எண்ணாகப் பெயர்ப்பார். நிறுத்து என்னும் கட்டளைக்கு 76. ‘பி’ பதிவகத்திலுள்ளதைத் திரட்டியோடு கூட்டுவதற்கு 80. முகவரியைக் குறிக்கும்போது கீழ்ப்பாதி முன்னும் மேற்பாதி பின்னுமாக எழுத வேண்டும். 4500 என்பது 00, 45 என்று பதியப்படும். இவ்வாறு மொழிபெயர்க்கும் செயலியின் பணியை மாணவரே செய்தார்.

தமிழகத்தில் வழங்கும் ஆய்வகக் கையேடுகள் பலவற்றில் நிரல் 4100 என்னும் முகவரியில் தொடங்கும். தரவு 4500-இல் வைக்கப்படும். மைக்ரோ-85 கருவியில் பயனருக்கு ஒதுக்கப்பட்ட நினைவகப் பகுதி அது என்பதே காரணம். இரண்டு எட்டுப் பிட்டு எண்களைக் கூட்டி, ‘கேரி’ எனப்படும் மேல்மிச்சத்தையும் பதிவு செய்யும் முதற்பயிற்சி 22 பைட்டுகளில் அடங்கிவிடும். ஒரு பைட்டு பிறழ்ந்தாலும் விடை வராது. இன்டெல்லின் ஆவணம் எதிலும் 4100-க்குத் தனிச்சிறப்பு இல்லை. ஓர் உள்ளூர்க் கருவியின் நினைவக வரைபடம் ஒரு மாநிலத்து மாணவரின் பொதுநினைவாக மாறியமைக்கு அதுவே சான்று.

காலத்தைக் கணக்கிடும் பயிற்சியும் குறிப்பிடத்தக்கது. ஒரு பதிவக இணையின் மதிப்பைக் குறைத்து, அது சுழியமா எனச் சோதித்து, மீண்டும் தொடக்கத்துக்குத் தாவும் நான்கு கட்டளைச் சுற்று 24 கடிகைத் துடிப்புகளை எடுத்துக்கொள்ளும். நுண்செயலி 3 மெகாஹெர்ட்சில் இயங்கினால் ஒரு சுற்றுக்கு 8 மைக்ரோநொடி. 65,535 சுற்றுகள் நிறைவுற அரை நொடியைச் சற்றே தாண்டும். அரை நொடிக்கு ஒருமுறை மின்னும் விளக்கைத் தாளில் கணக்கிட்டு உருவாக்கிய மாணவர், கட்டளைக்கும் காலத்துக்கும் உள்ள உறவைக் கண்ணால் கண்டார்.

தேர்வும் ஆர்வமும்

மதிப்பெண்ணுக்காகச் செய்யப்பட்டதை ஆர்வலர் வழக்கம் என்று கொள்ளலாமா என்னும் ஐயம் எழக்கூடும். பலருக்கு அது செய்முறைத் தேர்வோடு முடிந்தது என்பது உண்மையே. ஆனால், இறுதியாண்டுத் திட்டப்பணி அவ்வெல்லையைத் தாண்ட வழிவகுத்தது. செம்புத் தகட்டில் மையால் பாதை வரைந்து, பெர்ரிக் குளோரைடு கரைசலில் அரித்தெடுத்து, துளையிட்டு, சில்லுகளைப் பற்றவைத்து, நீர்மட்டத்தையோ படிநிலை மின்னோடியையோ போக்குவரத்து விளக்கையோ கட்டுப்படுத்தும் பலகையை மாணவர் அமைத்தனர். கட்டாயத்தில் தொடங்கிய பயிற்சி, கைவினையாகக் கனிந்த இடம் இதுவே.

8085 காலாவதியான பொருள் என்னும் கருத்தும் முழுமையானதன்று. 1997-இல் செவ்வாயில் ஊர்ந்த சோஜர்னர் ஊர்தியை இயக்கியது அதே குடும்பத்தைச் சேர்ந்த 80சி85 நுண்செயலியாகும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 ஒழுங்குமுறையில் கணினிப் பொறியியல் மாணவருக்கு நுண்செயலிப் பாடம் 8085-இலேயே தொடங்கியது. 2013 ஒழுங்குமுறையில் அத்துறைக்கான பாடம் 8086-க்கு மாறியது; மின் மற்றும் மின்னணுப் பொறியியலில் 8085 நீடித்தது.

உளுந்தூர்பேட்டையிலிருந்து நோக்கும்போது

இப்பரவலின் பொருள் தலைநகரிலிருந்து பார்ப்போருக்கு ஒன்றாகவும், உளுந்தூர்பேட்டையிலிருந்து பார்ப்போருக்கு வேறாகவும் புலப்படும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் இவ்வூர், 1984-இல் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-இல் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் சேர்ந்தது. கரும்பும் நெல்லும் விளையும் வட்டாரம் இது; மேற்கே கல்வராயன் மலை.

சென்னை மாணவருக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு பேருந்துத் தொலைவில் இருந்தது. அங்கு நுண்செயலியும் நினைவகச் சில்லும் தனித்தனியே கிடைத்தன. உளுந்தூர்பேட்டையிலிருந்து அத்தெரு சுமார் 200 கிலோமீட்டர். சிற்றூரின் வானொலி பழுதுநீக்கும் கடையில் மின்தடையும் டிரான்சிஸ்டரும் கிடைக்கும். 40 கால் சில்லு கிடைக்காது. எனவே, இத்தகைய ஊரிலிருந்து சென்ற முதல் தலைமுறை மாணவருக்குக் கணினியின் உள்ளமைப்பைத் தொட்டறியும் வாய்ப்பு கல்லூரி ஆய்வகம் ஒன்றே. மேலைநாட்டு ஆர்வலர் தம் பணத்தால் பெற்றதை இவர் தம் வருகைப்பதிவால் பெற்றார். பாடத்திட்டத்தின் பழமையைக் குறைகூறுவோர் அதன் இச்சமன்செய்யும் பண்பையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

பேச்சில் தமிழ், ஏட்டில் ஆங்கிலம்

இவ்வறிவின் மொழிநிலை இரட்டைத்தன்மை உடையது. நினைவுக்குறி, பாடநூல், பதிவேடு, தேர்வு அனைத்தும் ஆங்கிலம். ஆனால், பிழை எங்கே என்று ஆய்வக உதவியாளர் விளக்கியதும், அருகிலிருந்த மாணவர் எண்களை உரக்கப் படித்ததும் தமிழில். சுஜாதா வார இதழ்களில் கணினியையும் சில்லையும் எளிய தமிழில் விளக்கினார்; மணவை முஸ்தபா கணினிக் கலைச்சொற்களை அகராதியாகத் தொகுத்தார். நுண்செயலி, பதிவகம், திரட்டி, நினைவகம் ஆகிய சொற்கள் இன்று நம்மிடம் உள்ளன. எனினும், ஆய்வக மேசையருகே வழங்கிய தமிழ், ஏட்டில் ஏறவில்லை. ஆங்கிலப் பதிவேட்டை மட்டும் படிப்போர், இவ்வறிவு தமிழில் வாழவேயில்லை என்னும் தவறான முடிவுக்கு வரக்கூடும்.

முடிவுரை

2024-இல் சைலாக் நிறுவனம் மூல இசட்80 சில்லுகளின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது உலகெங்கும் ஆர்வலர்கள் அதனை ஒரு வரலாற்று நிகழ்வாகக் கருதினர். தமிழக ஆய்வகத்தில் ஒரு பயிற்சிக்கருவி கணக்கிலிருந்து நீக்கப்படுவது எவருக்கும் செய்தியாவதில்லை. 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் பழைய கருவிகளை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்ப வழிசெய்கின்றன. சுற்றுச்சூழல் நோக்கில் அது தேவையே. ஆனால், கருவியோடு அதன் கண்காணிப்பு நிரலும் சேர்ந்து மறையும். ஈப்ராமில் பதிந்த மின்னேற்றமும் காலப்போக்கில் கசிந்து போகும். மாணவர் பதிவேடுகள் ஆண்டுதோறும் பழைய தாள் கடைக்குச் செல்கின்றன.

இதனைத் தடுக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கல்லூரியேனும் இயங்கும் நிலையிலுள்ள கருவி ஒன்றைப் பேணலாம். ஈப்ராமின் உள்ளடக்கத்தைப் படியெடுக்கலாம். பதிவேடுகள் சிலவற்றை எண்மமாக்கலாம். ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்களின் வாய்மொழியை, அவர்கள் கற்பித்த அதே தமிழில், ஒலிப்பதிவு செய்யலாம். சிறுபத்திரிகைகளையும் துண்டறிக்கைகளையும் வரலாற்று மூலங்களாக மதிக்கத் தமிழாய்வு கற்றுக்கொண்டுள்ளது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதற்குச் சான்று. அடித்தல் திருத்தலோடு 4100 என்று தொடங்கும் ஒரு பதிவேட்டுப் பக்கமும் அவ்வரிசையில் வைத்தற்குரிய ஆவணமே.