பொருட்காட்சிசாலைக்குப் போகும் பிள்ளைகள்



பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. 'ஐந்தாம் ஆண்டு மாணவர்களை மலாக்காப் பட்டணத்துப் பொருட்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்கிறோம். பஸ் செலவுக்குப் பணம் கொடுத்தனுப்பவும்' என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுத் தோட்டத்துப் பெற்றோர் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "பழைய சாமானைப் பார்த்துவிட்டு வருவதற்கா காசு? அதற்கு இரண்டு பயிற்சிப் புத்தகம் வாங்கலாமே, சார்!" கேள்வி நியாயமானதே. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் வரும்படி இல்லை என்று காலந்தள்ளும் வீட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்கு உண்டு. ஆகவே, அங்கே பிள்ளைகளை அழைத்துப்போய் நாங்கள் என்னதான் செய்கிறோம் என்பதை இன்று உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சென்னையில் 1851-ஆம் ஆண்டில் ஒரு பொருட்காட்சிசாலை தொடங்கினார்கள். அந்தக் காலத்துச் சனங்கள் அதற்கு வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் உண்மை இருக்கிறது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "தொடாதே, பேசாதே, நட" என்று ஓட்டிக்கொண்டு போனால் எந்தப் பொருட்காட்சிசாலையும் செத்த காலேஜ்தான். கை தொட்டது மனத்தில் நிற்கும். கண் மட்டும் பார்த்தது பஸ் ஏறியதும் மறந்துபோகும். இதை நாங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தோம். படித்ததைவிட, பிள்ளைகளிடமிருந்துதான் சரியாக விளங்கிக்கொண்டோம்.

மலாக்கா ஆற்றுக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்கும் பெரிய கட்டடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்தாதைஸ் என்று அதற்குப் பெயர். சுமார் 1650-இல் டச்சுக்காரர்கள் தங்கள் ஆட்சி அலுவலகமாகக் கட்டியது. முன்பு வெள்ளையாக இருந்தது. சிவப்புச் சாயம் பிற்காலத்தில் பூசியது. 1982-இலிருந்து அது சரித்திரப் பொருட்காட்சிசாலையாக இருக்கிறது. உள்ளே பீங்கான், நாணயம், ஆயுதம், பலவகை உடைகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருளைத் தொடக்கூடாது, அது சரிதான். ஆயிரம் பிள்ளைகள் தொட்டால் பொருள் என்ன ஆகும்? எனவே தொடக்கூடியதை நாங்கள் கையோடு எடுத்துப் போகிறோம்.

எடுத்துப் போவது வேறொன்றுமில்லை, ஒரு கைலி. வேலை முடிந்து குளித்துவிட்டு வீட்டில் உடுத்திக்கொள்ளும் கட்டம்போட்ட கைலிதான். மலாய்க்காரர்கள் அதைக் 'காயின் பெலிக்காட்' என்பார்கள். பெலிக்காட் என்பது எந்த ஊர்? சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு! வெள்ளைக்காரர் வாயில் அது 'புலிகாட்' ஆயிற்று, இங்கே 'பெலிக்காட்' ஆயிற்று. சோழமண்டலக் கரையில் நெய்த துணி கப்பலேறி மலாக்காவுக்கு வந்து, இங்கிருந்து கிராம்பும் சாதிக்காயும் விளைகிற கிழக்குத் தீவுகள் வரைக்கும் போயிற்று. அந்தத் துணியைக் கொடுத்தால்தான் வாசனைப் பொருள் கிடைக்கும் என்ற நிலை அன்று இருந்தது. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்ததும், 1658-இல் நாகப்பட்டினத்தைப் பிடித்ததும் துணி வியாபாரத்துக்காகத்தான். கைலியைப் பிள்ளைகள் கைமாற்றித் தடவிப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்கிறார்கள். அப்பாவின் கைலி சரித்திரப் புத்தகத்துக்குள் போய்விட்டது என்று அவர்களுக்கு ஒரே சிரிப்பு.

அடுத்து நாங்கள் வைப்பது சொல் விளையாட்டு. மலாய் மொழியில் புழங்கும் சொற்களில் நம் வீட்டுச் சொல் எத்தனை என்று கண்டுபிடிக்க வேண்டும். காப்பால் நம் கப்பல். கெடாய் நம் கடை. பெத்தி நம் பெட்டி. மோடால் நம் முதல். காத்தில் நம் கட்டில். தீராய் நம் திரை. கூடாங் நம் கிடங்கு. ஆப்பாம் நம் ஆப்பம். இந்தப் பட்டியலைப் பாருங்கள். கப்பல், கடை, கிடங்கு, முதல் என்று எல்லாம் வியாபாரிகள் வாயில் வந்த சொற்கள். நம் சனம் இந்த நாட்டுக்கு முதன்முதலாக வந்தது உளியும் வாளியும் தூக்கிக்கொண்டல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தோமே பீரெஸ் என்ற போர்த்துகீசியர் 1512 முதல் 1515 வரையிலான காலத்தில் மலாக்காவைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார். துறைமுகத்தில் நான்கு ஷாபண்டார்கள், அதாவது துறைமுகத் தலைவர்கள், இருந்தார்கள் என்கிறார். குஜராத்திகளுக்கு ஒருவர்; சோழமண்டலக் கரையாருக்கும் வங்காளம், பெகு, பாசாய் வணிகருக்கும் ஒருவர்; மற்ற இருவர் சீனம், ஜாவா முதலிய கீழ்த்திசையாருக்கு. நம்மவரை அவர் 'கெலிங்' என்று குறிக்கிறார். கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்த சொல் என்பார்கள். இன்று அதே சொல் வசையாகக் காதில் விழுவதைப் பிள்ளைகள் அறிவார்கள். அதனால் இந்த இடத்தில் வகுப்பு கொஞ்சம் அமைதியாகிவிடும். அன்று அது பெரிய முதலாளிகளுக்கு வழங்கிய பெயர் என்று சொல்லாமல் நாங்கள் மேலே போவதில்லை.

அந்த முதலாளிகளில் ஒருவர் கதையைச் சொல்ல வேண்டும். போர்த்துகீசிய ஏடுகளில் அவர் பெயர் நீனா சாத்து. தமிழ் இந்து வணிகர். 1509-இல் வந்த போர்த்துகீசியர் சிலர் மலாக்காவில் சிறைப்பட்டபோது அவர்களுக்கு உதவி செய்தார். 1511-இல் அல்புகெர்க்கே மலாக்காவைப் பிடித்ததும் அவருக்குப் பெண்டகாரா பதவி கிடைத்தது. மூன்றே ஆண்டுகளில், 1514-இல், அந்தப் பதவியைப் பறித்துக் கம்பார் அரசருக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாங்காமல் அவர் ஊரறியத் தீ மூட்டி அதில் இறங்கி உயிரை விட்டார். அவர் செய்தது துரோகமா, வியாபாரியின் கணக்கா, சிறைப்பட்டவனிடம் காட்டிய இரக்கமா? பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரித்து வாதாடச் சொல்வோம். போன தடவை இரு கட்சியாரும் பஸ்ஸிலும் சண்டையை விடவில்லை. நம் இனத்தவர் என்பதற்காக எல்லாரையும் மாலை போட்டு வைக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

மலையடிவாரத்தில் நிற்கும் பழைய கோட்டை வாசலுக்குப் போனதும் பிள்ளைகள் கைக்கு வேலை வந்துவிடும். சுவரைச் சாண் போட்டு அளப்பார்கள்; கல்லின் சொரசொரப்பைப் பார்ப்பார்கள். செம்புறைக்கல். 1511-இல் வெற்றிபெற்ற போர்த்துகீசியர் கோட்டை கட்ட, பள்ளிவாசல்களிலும் சுல்தான்களின் சமாதிகளிலும் இருந்த கற்களைக்கூடப் பெயர்த்தெடுத்தார்கள். 1641-இல் டச்சுக்காரர் அதைப் பிடித்தார்கள். 1807-இல் ஆங்கிலேயர் வெடிமருந்து வைத்து இடித்தார்கள். ராஃபிள்ஸ் தலையிட்டதால் இந்த ஒரு வாசல் மட்டும் தப்பியது. வாசலின் மேலே 1670 என்ற ஆண்டும் டச்சுக் கம்பெனியின் முத்திரையும் இருக்கின்றன. வி.ஓ.சி. என்ற அந்த எழுத்துகளைப் பார்த்த பையன் ஒருவன், "சார், கப்பலோட்டிய தமிழன் இங்கேயும் வந்தாரா?" என்றான். இல்லை தம்பி, இது கப்பலோட்டிய டச்சுக்காரன் என்றோம். எழுத்து ஒன்றாக அமைந்தது தற்செயல்.

தங்காசாரித் தெருவை விட்டுவிடக்கூடாது. ஜாலான் துக்காங் எமாஸ் என்று பலகையில் இருக்கும். அங்கே ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. சிட்டி சமூகத்தின் தலைவராக இருந்த தெய்வநாயகம் சிட்டிக்கு டச்சு அரசாங்கம் கொடுத்த நிலத்தில் 1781-இல் எழுந்த கோவில். சில எட்டு நடந்தால் 1748-இல் தோன்றிய கம்போங் கெலிங் பள்ளிவாசல். இன்னும் கொஞ்சம் நடந்தால் சீனர்களின் செங் ஹூன் தெங் கோவில். மலாக்காப் பட்டணம் 2008-இல் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது இப்படிப்பட்ட தெருக்கள் இருப்பதனாலும்தான்.

காஜா பெராங்கில் அந்தச் சிட்டி மக்களின் கிராமமும் அவர்களுடைய சிறு பொருட்காட்சிசாலையும் இருக்கின்றன. சுல்தான்கள் காலத்து வணிகர்களின் வழிவந்தவர்கள். பிள்ளை, நாயக்கர், சிட்டி என்று பெயரோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். பெண்கள் கெபாயா அணிவார்கள். வீட்டில் பேசுவது மலாய். ஆனால் போகி வந்தால் முன்னோருக்குப் படையல் போடுவார்கள். 'பார்ச்சு' என்று அதற்குப் பெயர். மாரியம்மனையும் விநாயகரையும் விட்டதில்லை. "தமிழ் பேசாதவர்கள் எப்படித் தமிழர் ஆவார்கள்?" என்று ஒரு மாணவி எங்களைக் கேட்டாள். நாங்கள் விடை சொல்லவில்லை. படையலில் என்னென்ன வைக்கிறார்கள் என்று அங்கே விசாரித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னோம். எழுதிக்கொண்டு வந்து, "எங்கள் பாட்டியும் இதையேதான் வைக்கும்" என்றாள்.

இதுவரை சொன்னது வியாபாரிகள் கதை. லயத்து வீட்டுக் கதை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் மலாக்காவில்தான் ஆரம்பமாகிறது. 1876-இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் சுமார் 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22. சிங்கப்பூர்ப் பூந்தோட்டத் தலைவர் ரிட்லி, "ரப்பர் நடுங்கள்" என்று தோட்ட முதலாளிகளிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். கேட்டவர் மலாக்காவில் ஒருவர் இருந்தார். அவர் தான் சே யான் என்ற சீனர். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிதாகத் தொடங்கினார். இந்த நாட்டில் வியாபாரத்துக்காக ரப்பர் நட்ட முதல் தோட்டம் அதுதான். மோட்டார் வண்டி பெருகப் பெருக ரப்பர் விலை ஏறிற்று, காடு அழிந்தது, கங்காணிமார் நம் ஊர்களுக்குப் போய் ஆள் பிடித்துவந்தார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் தடைப்பட்டது. கங்காணிமுறை 1938-இல் நின்றது.

இந்தக் கதைக்கு நாங்கள் பள்ளியிலேயே ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறோம். பால்வெட்டு உளி, மங்கு, காண்டா, ஒட்டுப்பால் துண்டு ஒன்று, பழைய துண்டுச்சீட்டுகள். பட்டணத்திலிருந்து திரும்பிய மறுநாள் பெட்டியைத் திறப்போம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருளை எடுத்து, பெயர், பயன், யார் வைத்திருந்தது, எந்தத் தோட்டம், எந்தக் காலம் என்று சீட்டு எழுத வேண்டும். பொருட்காட்சிசாலையில் வேலை பார்ப்பவர்கள் செய்வதும் இதுவே. ஒரு முறை, வெட்டுவேலை பார்த்து ஓய்ந்த ஒரு பாட்டியை வகுப்புக்கு அழைத்தோம். உளியைக் கையில் கொடுத்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மரத்தில் இடப்பக்கம் மேலாகத் தொடங்கி வலப்பக்கம் கீழாக வெட்டுவதைக் காற்றிலே காட்டினார். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றுச் சாய்ந்து போகின்றன; இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். வெட்டிய காயத்தையே மறுபடி மெல்லியதாகச் சீவினால் பால் கூடும் என்று கண்டவர் ரிட்லி. பாட்டிக்கு ரிட்லியைத் தெரியாது. "காம்பில கத்தி பட்டா மரம் அழுவும், மண்டோர் நம்மள அழ வைப்பாரு" என்றார். பிள்ளைகள் அதை அப்படியே சீட்டில் எழுதினார்கள். நாங்கள் திருத்தவில்லை.

தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905-இல் ரயில் ஓடத் தொடங்கியது. இன்று அந்தப் பாதையில் தண்டவாளம் இல்லை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பெயர்த்து, சயாம்–பர்மா ரயில் போடக் கொண்டுபோனார்கள். அதே ரயிலுக்குத்தான் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். தண்டவாளம் போனதைப் புத்தகத்தில் பார்க்கலாம். போன ஆட்களின் பெயர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள் வாயில்தான் இருக்கிறது. அந்தப் பெரியவர்களும் குறைந்து வருகிறார்கள். பால்மரத் தோட்டங்கள் பலவும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயத்தைக் காலி செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவது டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய காகிதங்கள். கப்பல் சீட்டு, தாத்தாவின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு இவற்றையெல்லாம் எரித்துவிடாதீர்கள். குடியுரிமைக்கு மனுப்போட அலைகிறவர்களைக் கேட்டால் ஒரு பழைய காகிதத்தின் விலை தெரியும்.

இனி உங்கள் பிள்ளை இந்தப் பயணத்துக்குப் புறப்படும்போது, பஸ் காசோடு ஒரு விஷயத்தையும் சொல்லியனுப்புங்கள்: உங்கள் குடும்பத்தில் முதலில் இந்த நாட்டுக்கு வந்தவர் யார், எந்த ஊர்க்காரர், எந்தத் தோட்டத்தில் இறங்கினார். பிள்ளை அதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் போதும். தகரப் பெட்டிக்கு ஏதேனும் பொருள் கொடுக்க விரும்பினால் பெயர் எழுதி ரசீது போட்டு வாங்கிக்கொள்வோம்; திரும்பக் கேட்டால் தருவோம். பத்திரங்களின் அசலைக் கொடுத்தனுப்ப வேண்டாம், நகல் எடுத்துக்கொடுத்தால் போதும். மத்தியானத்துக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுங்கள். பட்டணத்துக் கடைகளில் விலை அதிகம். கோட்டைவாசலுக்குப் பின்னால் மலையேற வேண்டியிருக்கும், ஆகவே சப்பாத்து போட்டு அனுப்புங்கள்.